உன் பக்கம்

முதலில் அது ஒரு நாணய அளவுதான்,
சமையலறை ஜன்னலின் இடது கீழ்மூலையில்.
ஆஸ்லா உள்ளிருந்து துடைத்தாள்.
போகவில்லை.
உன் பக்கம், என்று விரலால் காட்டினாள்.
நான் வெளியே ஏணி போட்டு,
லெர்விக் காற்று காதைத் திருகத் திருக,
வினிகர் தெளித்துத் தேய்த்தேன்.
போகவில்லை.
உன் பக்கம், என்று திருப்பிக் காட்டினேன்.

நவம்பர் முழுக்க இப்படியே.
இரட்டைக் கண்ணாடி, சத்தம் தாண்டாது.
அவள் வாய் அசையும், என் வாய் அசையும்,
ஊமைப் படம் பார்க்கப் பூனை மட்டும்
ஜன்னல் விளிம்பில் குந்தியிருக்கும்.
நாணயம் தட்டாயிற்று. தட்டு தாம்பாளமாயிற்று.
துறைமுகம் மறைந்தது, பிறகு எதிரே பிரெஸ்ஸே தீவு.
நான் வேலை பார்க்கும் ஃபெர்ரி
பால் கிண்ணத்தில் விழுந்த எறும்பாய்த் தத்தளித்தது.

கடைசியில் கண்ணாடிக் கடை ரேஸ்மி வந்து
ஒரு பார்வை பார்த்தான். தேநீர்கூடக் குடிக்கவில்லை.
"ரெண்டு பேர் பக்கமும் இல்லை.
நடுவில்."
விளிம்பைச் சுற்றிய ஒட்டு விட்டுப்போயிருந்தது.
ஈரம் குடிக்க உள்ளே வைத்த மணிகள்
குடித்துக் குடித்து வயிறு நிரம்பிவிட்டன.
துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

குறுக்கே மூன்று இடம், நெடுக்கே மூன்று இடம் அளந்து
இருப்பதில் சிறியதை எடு,
அதிலும் கொஞ்சம் குறை என்றான்.
நான் பெரியதை எடுத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
நான்கு மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று
அதுவரை எனக்குத் தெரியாது.
இப்போது தெரியும்: நூற்றுப் பத்து பவுண்டு.
அந்தக் கண்ணாடி தோட்டத்தில்
முட்டைக்கோஸ் நாற்றுகளுக்குக் கூரையாய்ப் படுத்திருக்கிறது.
முட்டைக்கோஸுக்கு அளவில் குறையில்லை.

இரண்டாவது கண்ணாடி ஏப்ரலில் வந்தது.
காற்று கொஞ்சம் மூச்சு வாங்கிய ஞாயிறு.
பீடிங் பட்டைகளில் நீளமானதைப் பிடித்து
நட்டநடுவில் பட்டி பார்க்கும் தகடு செருகி நெம்பினேன்.
நான்காவது டப்பென்று தெறித்ததில்
பூனை பதவியை ராஜினாமா செய்தது.
பட்டைகளின் முதுகில் பென்சிலால்: மேல், கீழ், இடம், வலம்.
கீழ்ச்சட்டத்தின் வடிகால் துளைகளைக்
கம்பியால் குத்தினால்
இரண்டு ஈ, கறுத்த நீர், பாதித் தீக்குச்சி.

பழையதை இருவருமாய்த் தூக்கி இறக்கினோம்.
கன்றுக்குட்டி கனம்.
இடையில் ஓடிய அலுமினியக் கம்பியில்
பொடி எழுத்தில் ஒரு தேதி, 9 அக்டோபர் 1998.
"அன்றைக்கு நாம் பேசிக்கொண்டிருந்தோமா?" என்றாள்.
"அன்றைக்கு உன் பெயரே எனக்குத் தெரியாது."

பிறகு கால்மணி நேரம்
சுவரில் வெறும் ஓட்டை.
கடல் நேரே உள்ளே வந்தது,
நாட்காட்டியைப் புரட்டி ஆகஸ்டு வரை பார்த்தது,
மாவு டப்பாவை முகர்ந்தது.
ஆஸ்லா வெளியே ஏணியில், நான் உள்ளே,
கையெட்டும் தூரத்தில் இரண்டு முகம்.
"அந்தத் தேநீர் இன்னும் சூடா இருக்கா?"
அவ்வளவுதான் கேட்டாள்.
கத்தாமல் கேட்டாள்.
கோப்பையை ஓட்டை வழியே நீட்டினேன்.
அங்கே குடித்து இங்கே வைத்தாள்.
அவசரம் ஒன்றும் இல்லாதது போல்
கீல்களுக்கு எண்ணெயை இரண்டு முறை விட்டேன்.

மழை வரும் போலிருந்தது. மூடத்தான் வேண்டும்.
அடியில் பிளாஸ்டிக் ஆப்புகள், பக்கங்களில் ஆப்புகள்,
சட்டத்தைத் தொடாமல் கண்ணாடி உட்கார.
ரப்பர் சுத்தியலால் செல்லமாய்த் தட்டித் தட்டி
கடைசிப் பட்டை கிளிக் என்றதும்
காற்று வாயை மூடிக்கொண்டது.

பிரெஸ்ஸே திரும்ப வந்தது.
அதன் சரிவில் ஓர் ஆடுகூடத் தெரிந்தது.
ஆஸ்லா வெளியிலிருந்து ஏதோ சொன்னாள்.
கேட்கவில்லை. தலையாட்டினேன்.
முறைத்தாள். மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி
இன்னொரு முறை சொன்னாள்.
அவள் மூச்சு படிந்தது ஒரு நாணய அளவு,
இந்த முறை சந்தேகமே இல்லை,
அவள் பக்கம்.

மறுநாள் ஃபெர்ரியில் கோட்டுப் பைக்குள்
ஓர் ஆப்பு மிச்சம் கிடந்தது,
பச்சை நிறம், மூன்று மில்லிமீட்டர்.
எங்கே வைக்க மறந்தேன் என்று தெரியவில்லை.
ஆஸ்லாவிடம் இன்னும் சொல்லவில்லை.
ஜன்னல் திறக்கிறது, மூடுகிறது.